வளையத்தின் இடது ஓரம்

"முழங்கை! முழங்கையை உள்ளுக்கு வை பிள்ளை!"

சிவரூபன் சேர் தொண்டை கிழியக் கத்தினார். கத்தி என்ன பிரயோசனம்? றொஷானி எறிந்த பந்து வளையத்தின் இடது ஓரத்தில் 'டங்' என்று பட்டுத் தெறித்து, துறைமுகப் பக்கத்து மதிலடிக்கு உருண்டோடியது.

கொழும்பிலிருந்து கூடைப்பந்துத் தெரிவுக்கு வந்திருந்த மிஸ் தாளில் ஒரு குறி போட்டார். ஃப்ரீ த்ரோக் கோட்டில் நின்று பத்துப் பந்து போடவேண்டும், ஆறு விழவேண்டும். விழுந்தால் கொழும்பில் பெரிய பாடசாலை, விடுதி, சாப்பாடு, படிப்பு எல்லாம் இலவசம். விழாவிட்டால் அடுத்த வருடம் றொஷானிக்கும் தாயோடு மீன் சந்தைதான்.

இத்தனைக்கும் முதல் மூன்று பந்தும் வளையத்தைத் தொடாமலே வலைக்குள் இறங்கியவை. சேர் அப்போதே மனசுக்குள் அவளை ரயிலேற்றிவிட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் றொஷானியின் தாய் சீலா வந்து சேர்ந்தாள்.

சந்தையில் நாள் முழுக்க நின்று மீன் வெட்டுகிற மனுசி. வலது முழங்கால் பனங்காய் மாதிரி வீங்கியிருந்தது. கதிரையைப் பிடித்துப் பிடித்து ஒருவழியாக உட்கார்ந்தாள். குரலுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை, அவள் கதைத்தால் மைதானத்தின் அந்தக் கரைக்கும் கேட்கும்.

"சேர், பிள்ளை எடுபட்டா ஆவணித் திருநாளுக்கு மடுக் கோயிலுக்கு நடந்தே வாறனெண்டு காலமை மாதாவுக்கு நேர்ந்திட்டன்!"

"இந்தக் காலோட அவ்வளவு தூரமோ அக்கா? பஸ்ஸில போங்கோவன்."

"பஸ்ஸில போனா அது நேர்த்தியோ? மாதாவுக்குக் குடுத்த சொல்லை மாத்த ஏலாது." சீலா செபமாலையை எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு பிடித்ததுதான் இந்தச் சனியன். முதலில் ஒரு பந்து இடது ஓரம். இப்போது அடுத்ததும் அதே இடது ஓரம்.

தாயைக் கண்ட பதற்றம்தான், வேறென்ன என்று சேர் முடிவு கட்டினார். சீலாவிடம் போய்ப் பணிவாகக் கேட்டார்.

"அக்கா, குறை நினைக்காதேயுங்கோ. கொஞ்சம் வாசல் கேற்றடியில நில்லுங்கோ. உங்களைக் கண்டு பிள்ளை பதறுறாள்."

பாவம், அவளும் நொண்டி நொண்டிப் போனாள். போனவள் சும்மா நின்றாளா? அங்கே நின்று இன்னும் பெரிதாகத் தொடங்கினாள்.

"மாதாவே! செருப்பும் போடாமல் வாறன் தாயே! என்ட பிள்ளையைக் கைவிட்டிடாதேயுங்கோ!"

றொஷானி ஒருதரம் திரும்பிக் கேற்றைப் பார்த்தாள். பந்தைத் தட்டினாள், முழங்காலை மடித்தாள், எறிந்தாள். டங்.

சேருக்கு அழுகை வராத குறை. முதன்முதல் வந்தபோது நெஞ்சிலிருந்து இரண்டு கையாலும் வண்டில் தள்ளுகிற மாதிரிப் பந்தைத் தள்ளின பிள்ளை இது. பந்து ஒருநாள் றோட்டில் போகும், ஒருநாள் கூரையில் கிடக்கும். ஒரு வருடமாகக் காலமையில் நிற்பாட்டி வைத்து, பாதம், முழங்கால், முழங்கை, மணிக்கட்டு என்று ஒவ்வொன்றாகத் திருத்தி எடுத்தார். கண்ணைக் கட்டிவிட்டாலும் போடுவாள் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்ததும் அவர்தான்.

"மிஸ், ஒரு நிமிசம், பிள்ளை தண்ணி குடிக்கட்டும்" என்று கெஞ்சி அனுமதி வாங்கிக்கொண்டு ஓடினார்.

"கால் நடுங்குதோ?"

"இல்லை சேர்."

"கை வேர்க்குதோ?"

"இல்லை சேர்."

"அப்ப என்னதான் பிள்ளை உனக்கு?"

அவள் போத்தலை மூடிவிட்டுக் கோட்டுக்குத் திரும்பினாள். சேர் என்ன செய்வார்? அவளுடைய கைக்குள் புகுந்து அவரா எறிய முடியும்?

தண்ணீருக்குப் பிறகும் இரண்டு பந்து போட்டாள். இரண்டும் இடது ஓரம். இனி மிச்சம் எல்லாம் விழுந்தாலும் ஆறு வராது.

கொழும்பு மிஸ் எழுந்தார். "வடிவான ஸ்டைல் சேர். பழக்கின கை தெரியுது. என்ன பிழையெண்டுதான் விளங்கேல்லை. எல்லாப் பந்தும் அந்த ஒரே இடத்திலயே போய்ப் படுது."

சேர் நிமிர்ந்து வளையத்தைப் பார்த்தார். பந்து பட்டுப் பட்டு, இடது ஓரத்தில் ஒரேயொரு இடத்தில் மட்டும் துரு உதிர்ந்திருந்தது. கை பழகாதவளின் பந்து நாலு பக்கமும் போகும். பதறுகிறவளின் பந்தும் அப்படித்தான் போகும். சேருக்குக் கோபம் ஏறியது.

"வேணுமெண்டேதான் விட்டனியோ? சொல்லு! ஒரு வருசமா என்னைப் பேய்க்காட்டினியோ?"

றொஷானியின் கண் நிறைந்துவிட்டது. கேற்றடியிலிருந்து சீலா மதிலைப் பிடித்துப் பிடித்து வந்துகொண்டிருந்தாள். "மாதா என்னைக் கைவிட்டிட்டா சேர், கைவிட்டிட்டா" என்று அவள் அழுவது இங்கே வரைக்கும் கேட்டது.

"அம்மாட்ட மட்டும் சொல்லிப்போடாதேயுங்கோ சேர்" என்று கையைப் பிடித்தாள் றொஷானி.

"அந்தக் காலோட அம்மா மடுவுக்கு எப்பிடி நடப்பா?"