படிகாரக் குளியல்

பழைய கைக்கடிகாரத்தின் பித்தளைக் கூட்டுக்கு ஒரே பயம்தான். வாரைப் பிடித்திருந்த ஸ்பிரிங் பின் முறிந்து, அதன் இரும்பு முனை மட்டும் துளைக்குள் துருவேறிச் சிக்கிக்கொண்டது. அதை எடுக்க முடியாவிட்டால் கூட்டையும் பழைய சாமானோடு போட்டுவிடுவார்கள். ஊசி குத்திப் பார்த்தது. இடுக்கி இழுத்துப் பார்த்தது. முனை அசையவில்லை.

கடைசியில் ஒரு கிண்ணத்தில் படிகாரத் தண்ணீர் கொதித்தது.

"அக்கா, அது என்ன தண்ணி?" என்று முனை கூட்டிடம் கேட்டது.

படிகாரம் இரும்பைத் தின்னும், பித்தளையைத் தொடாது என்பது கூட்டுக்குத் தெரியும்.

"வெறும் வெந்நீர்டி. துரு போனா நீயே வழுக்கிட்டு வந்துடுவே."

"நீயும் கூட வர்றியா?"

"வராம? ஒண்ணாத்தானே இறங்கறோம்!"

இறங்கினார்கள். முனையைச் சுற்றிக் குமிழ்கள் கிளம்பின.

"அக்கா, நான் சின்னதாயிட்டே போறேன். என்னைப் பிடிச்சுக்கோயேன்."

"பிடிச்சிட்டுத்தாண்டி இருக்கேன்," என்று சொல்லிக்கொண்டே இருந்தது கூடு, குமிழ்கள் அடங்கும்வரை.

மறுநாள் பளபளவென்று ஒரு புதுப் பின் வந்து துளையில் உட்கார்ந்தது.

"இடம் எவ்வளவு சுத்தமா இருக்கு! எனக்கு முன்னாடி இங்கே யாரு இருந்தா, அக்கா?"

"யாருமில்லைடி," என்றது கூடு. "நீ நல்லா அழுத்திப் பிடிச்சுக்கோ."