அந்த ஒரே ஒருவர்

“நாலு நாளா ஆளையே காணோம். எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை” என்றார் கணவர், மோவாயில் கை வைத்தபடி.

தங்கை வீட்டிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த மனைவிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பதினெட்டு வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. கையிலிருந்த பெட்டியைக்கூட இறக்கி வைக்காமல் நின்றாள்.

“தினமும் காலையில டாண்ணு வந்துடுவாரு. ஒருவேளை உடம்பு சரியில்லையோ?”

“யாரு?”

“நம்ம யூசர்தான்!”

குளிர்ந்த மனசு பழைய சூட்டுக்குத் திரும்பியது.

யாரோ எழுதி, பாதியில் அம்போ என்று விட்டுப்போன ஓர் இலவச மென்பொருளை, இரண்டு வருஷமாகச் சம்பளமில்லாமல் அவர் கட்டிக்காத்துவந்தார். புகைப்படக் கோப்புகளுக்குத் தேதி வாரியாகப் பெயர் வைக்கும் சின்னச் சமாசாரம். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். எத்தனை பேர் இறக்கினார்கள் என்று அதன் இணையப் பக்கமே காட்டும்.

தினமும் ஒன்று காட்டும். அந்த ஒருவருக்காக மனிதர் ஞாயிற்றுக்கிழமைகூடத் தலை நிமிராமல் பிழை திருத்துவார்.

“எவனோ போட்டுட்டுப் போனதைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு... உங்களுக்கு வேற வேலையே இல்லையா?” என்று மனைவி வழக்கம்போல் ஆரம்பித்தாள்.

“இனிமே திட்ட வேண்டியிருக்காது. இன்னைக்கு மதியத்துக்குள்ள அந்த ஒண்ணு வரலேன்னா விட்டுடறேன். வீட்டு வேலையைத்தான் பார்க்கப்போறேன்.” கணவர் கம்ப்யூட்டர் திரையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

எழுந்துபோய்ப் பரணில் கை விட்டார். இரண்டு வருஷத்துக்கு முன் அவரே பழுது பார்த்த மிக்ஸி, ஏழு துண்டுகளாக அங்கே கிடந்தது. அதைத் தள்ளிவிட்டு ஸ்க்ரூடிரைவர் பெட்டியை எடுத்தார்.

“வாஷிங் மெஷின்ல ஏதோ சத்தம் வருதுன்னியே? முதல்ல அதைக் கழட்டிப் பார்த்துடறேன்.”

மனைவி பெட்டியும் கையுமாகப் படுக்கையறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளும் நமக்காக வருத்தப்படுகிறாளே என்று கணவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஹாலில் ஒரே கூச்சல்.

“வந்துட்டாரு! ஒண்ணு காட்டுது! என்னை நம்பி ஒரு ஜீவன் இருக்கு!” ஸ்க்ரூடிரைவர் பெட்டி பரணுக்கே திரும்பியது.

சாத்திய கதவுக்குப் பின்னால் மனைவி தங்கைக்குப் போன் போட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“உன் வீட்டுக் கும்மாளத்துல நாலு நாளா மறந்தே போயிட்டேன்டி. இப்பதான் இறக்கினேன். வாஷிங் மெஷின் தப்பிச்சுது!”