ரார்

அவளிடமிருந்து ஒரே ஒரு சொல் வந்திருந்தது. ரார்.

ரோமன் எழுத்தில், பின்னால் ஒரு புள்ளிகூட இல்லாமல்.

நான் கேட்டிருந்ததோ பெரிய கேள்வி. துணி துவைக்கும் இயந்திரத்தின் கையேட்டைத் தமிழாக்கி, படங்களோடு அவளுக்கு அனுப்பும்போது, உத்தரவாத விதிமுறைகளுக்குக் கீழே, 'நாம் கல்யாணம் செய்துகொள்ளலாமா?' என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். நேரில் கேட்கத் துப்பில்லாத மொழிபெயர்ப்பாளன் வேறு எங்கே போய்க் கேட்பான்?

எங்கள் அலுவலகத்தில் எல்லா மொழிக் கையேடுகளையும் பக்கம் வடிவமைப்பது அவள்தான். திங்கட்கிழமை முதல் வேறு கிளைக்குப் போகிறாள். இன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

வடிவமைப்புக்கு வருவதற்கு முன் டேனிஷ் பிரிவில் இருந்தாள். அதற்கும் முன் நார்வீஜியனில். சிக்கலே அங்கேதான்.

டேனிஷில் ரார் என்றால் நல்லவன், அன்பானவன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

நார்வீஜியனில் அதே சொல்லுக்கு, விசித்திரமான பிறவி என்று அர்த்தம். நிமிர்ந்தவன் அப்படியே சரிந்தேன்.

சுவீடன்காரர்கள் தங்கமான ஆளை அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் அவளுக்கு சுவீடிஷ் தெரியாது. ஜெர்மனில் அரிதானது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே ஒருவன் தன்னை ரார் ஆக்கிக்கொண்டான் என்றால், ஆள் கண்ணில் படாமல் ஒதுங்கிக்கொண்டான் என்று பொருள். ஒதுங்கிப் போகச் சொல்கிறாளோ?

எல்லாவற்றுக்கும் மூலம் லத்தீன். விடுவேனா, அதையும் புரட்டினேன். அடர்த்தி இல்லாதது, இடைவெளி விட்டு இருப்பது. கை தானாக என் உச்சந்தலைக்குப் போனது.

பாக்கி ஆங்கிலத்தின் ரேர். அரிதானது என்ற பொருளில் அது லத்தீன் வழி வந்தது. இறைச்சி முழுதாக வேகவில்லை என்று சொல்லும் ரேருக்கு வேர் வேறு. பழைய ஆங்கிலத்தில் லேசாக வெந்த முட்டைக்குச் சொன்ன சொல். தமிழில் அரைவேக்காடு. ஒரே ஒரு மொழி தெரிந்த என் அப்பா, என் விஷயத்தில் இந்த முடிவுக்கு எப்போதோ வந்துவிட்டார்.

அகராதிகளை மூடினேன். சொல் புரியாததுகூடப் பரவாயில்லை, அவள் இல்லாத திங்கட்கிழமையை நினைத்தால்தான் பயமாக இருந்தது.

தலையைத் தூக்கினால், என் மேஜையருகே அவளே நிற்கிறாள்.

"மெசேஜ பாத்துட்டு சும்மா உக்காந்திருக்கீங்க? படம் ஒண்ணுமே வரல. ஜிப் பண்ணா இங்க திறக்க மாட்டேங்குது, எல்லாத்தையும் ரார் ஃபைலா போட்டு அனுப்புங்க."

கோப்புகளைச் சுருக்கிக் கட்டுவதற்குக் கணினிக்காரர்கள் வைத்திருக்கும் பெயர். அந்த மொழி மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

அப்படியென்றால் அவள் இன்னும் கையேட்டைப் படிக்கவில்லை. சத்தமில்லாமல் அந்த வரியை அழித்துவிட்டால் மானமாவது மிஞ்சும். கோப்பைத் திறந்து கடைசிப் பக்கத்துக்குப் போனேன். அழிக்கவும் மனம் வரவில்லை.

போகத் திரும்பியவள் நின்றாள்.

"அனுப்புறதுக்கு முன்னாடி உத்தரவாதத்துக்குக் கீழ இருக்கிற வரிய எடுத்துடுங்க. அது கம்பெனிக்குப் போக வேணாம், எனக்கு வந்தது. ஆனா வீட்டுல துணி துவைக்கிறது நீங்கதான், இப்பவே சொல்லிட்டேன்."