பாய்லருக்குப் பூ

ஆயுத பூஜை விடுமுறையில்தான் பெருந்துறை சாய ஆலையை லேசர் ஸ்கேன் செய்வார்கள். பிறகு வருடம் முழுக்க கணினியில் அந்த முப்பரிமாண மாதிரிக்குள் நடந்துதான் பாதுகாப்பு அதிகாரி சோதனை போடுவார். ஆலைக்கு நேரில் வருவதில்லை.

பாய்லர் ஆபரேட்டர் பொன்னரசி அவருக்கு போன் செய்தாள்.

"நீராவிக் குழாய் விரிசல் விட்டிருக்குதுங்க. என் கையே வெந்துபோச்சுங்க."

"எங்கம்மா விரிசல்? ஸ்கேன்ல சாமந்திச் சரம் சுத்தியிருக்கிறதுதானே தெரியுது."

கோயில் பக்கமே போகாத மேனேஜர் ஸ்கேனுக்கு முன் அந்தச் சரத்தைத் தன் கையாலேயே சுற்றியது அவளுக்கு உறுத்தியது.

விரிசல் நீண்டுகொண்டே போனது. மறுவருடம் பூஜைக்கு முதல்நாள், பூக்காரரிடம் மேனேஜர் போனில் பேசுவது அவள் காதில் விழுந்தது.

"பாய்லருக்கு மட்டும் போன வருசத்தவிட ரெண்டு முழம் சேர்த்துக் குடுங்க."