ஒருவருக்கான பழைய பதிப்பு

துறைமுகத்தில் படகுகளுக்குக் காற்று எச்சரிக்கை அனுப்பும் கணினி மிகப் பழையது. அதிலிருந்த பைத்தான் என்ற நிரல்மொழியும் பழைய பதிப்பு. நிரல் நூலகங்கள் ஒன்றோடொன்று பொருந்துமா என்று சோதிக்கும் இலவச மென்பொருள், இனி அந்தப் பதிப்பை ஏற்காது என்று அறிவித்துவிட்டது. சோதிக்காமல் எதை மாற்றினாலும் எச்சரிக்கை நின்றுபோகலாம். கணினியைப் பார்த்துக்கொள்ளும் ஜெரால்டு, மென்பொருளை எழுதிய மங்கையர்க்கரசிக்கு மின்னஞ்சல் அனுப்பினார். நான்காம் நாள் பழைய பதிப்பை மீண்டும் சேர்த்திருந்தாள். ஜெரால்டு உடனே அவளைத் தொலைபேசியில் அழைத்தார்.

“இந்தப் பழைய பதிப்ப இன்னும் எத்தன பேரு வச்சிருக்காவ, மேடம்?”

“எனக்குத் தெரிஞ்சு நீங்க மட்டுந்தான் சார்.”

“ஒரு ஆளுக்காகவா நாலு நாளு இருந்து செஞ்சீங்க?”

“நாப்பத்திரெண்டு படகுன்னு எழுதியிருந்தீங்களே.”

அன்றைய எச்சரிக்கையைக் கேட்டுத் திரும்பிய படகுகள் துறைக்குள் நுழைந்துகொண்டிருந்தன. அவற்றின் இயந்திரச் சத்தம் அவளுக்குக் கேட்கும்படி ஜெரால்டு கைபேசியை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தார்.