மனப்பாடம்

"ஏட்டி, ஆராய்ச்சிப் படிப்புக்குமா மனப்பாடம் பண்ணுவாவ?" காபியை நீட்டியபடி நஃபீஸத் தங்கையிடம் கேட்டாள்.

ஐரோப்பாவின் பழங்கால கெல்ட் மக்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் தஸ்மியா, வண்ணார்பேட்டை வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து அயர்லாந்து அரசர்களின் பெயர்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் காலத்து கெல்ட் பூசாரிமாரு எதையும் எழுதி வைக்க மாட்டாவ லாத்தா. இருபது வருசம் வாயாலயே படிப்பாவ."

"ஒனக்குத்தான் அலமாரி நெறயப் புத்தகம் கெடக்கே?"

தஸ்மியா சிரித்தாள். "லைட்டப் போடு லாத்தா. எழுத்து மங்கலாத் தெரியுது."

வெளியே உச்சி வெயில் கொளுத்தியது. லைட்டும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

நஃபீஸத் அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "கண்ணுக்கு என்னட்டி?"

"நரம்பு பட்டுப்போச்சாம். ரெண்டு மாசத்துல பார்வ முழுசாப் போயிரும்னு டாக்டர் சொல்லிட்டாரு. உம்மாட்டச் சொல்லிராத. இன்னும் கால்வாசிகூட மனசுல நிக்கல."

"நான் வாசிச்சுக் காட்டுதேன்" என்று நஃபீஸத் புத்தகத்தை வாங்கிப் பிரித்தாள். தங்கை படிக்கட்டும் என்று எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். முதல் வரியின் ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் பார்த்தாள். வாயில் வரவில்லை.

தஸ்மியா கண்ணை மூடிக் காத்துக்கொண்டிருந்தாள்.