தூக்கிய கால்

பெண்டாங் இடைநிலைப்பள்ளியில் அன்று பெற்றோர் நாள்.

"ஓவிய வகுப்புல எதுக்கு டீச்சர் கட்டுரை? எழுதி எழுதி என் மகளுக்குக் கையே வலிக்குதாம்," என்று குறைப்பட்டுக்கொண்டார் அழகேசன். பக்கத்தில் மனைவி நவமணி துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

ஆசிரியை ஷாமளா சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். "உத்துப் பார்க்கத் தெரிஞ்சா எழுத்து தானா வரும்ணே. நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

"என்னத்தச் சொல்ல? சரியான சோம்பேறி ஒருத்தன் கைப்பேசியில மூழ்கிக் கிடக்கான்."

"சோம்பேறின்னு எப்படித் தெரியும்?"

"பக்கத்துல காலிக் கோப்பையா அடுக்கி வச்சிருக்கானே! பொண்டாட்டி வீடு கூட்டுறா. இவன் எழுந்திரிக்காம காலை மட்டும் தூக்கிக்கிட்டு உக்காந்திருக்கான். இவனையெல்லாம் நாலு கேள்வி கேக்கணும்லா!"

"அருமைண்ணே! பிள்ளைங்களும் இதையேதான் எழுதினாங்க. உங்க மக மட்டும் மூணு பக்கம்!"

"அப்படியா! வரைஞ்ச பிள்ளை யாரு? கெட்டிக்காரப் பிள்ளை."

"பிள்ளை இல்லண்ணே. பிள்ளைங்களோட அம்மாக்கள்ல வாரத்துக்கு ஒருத்தர் தங்க வீட்டுல நடக்கிறதை வரைஞ்சு குடுப்பாங்க. அதைப் பார்த்துத்தான் பிள்ளைங்க எழுதுவாங்க."

அழகேசன் மெல்ல மனைவி பக்கம் திரும்பினார்.

நவமணி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சட்டையை மட்டும்தாங்க மாத்தி வரைஞ்சேன். உங்களுக்கே அடையாளம் தெரியாமப் போகும்னு நினைக்கல!"